ஆறு ஆண்டுகள், ஒரு ஹெட்ஃபோன், அப்பாவின் வில்லுப்பாட்டு கேசட்டுகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஓட்டு வீட்டுக்குச் சென்ஹைசர் எச்டி 600 வந்து சேர்ந்து ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. 1997-ல் வெளிவந்து இன்றும் விற்பனையில் இருக்கும் ஹெட்ஃபோன் அது. முதல் இரவு அதில் நான் கேட்டவை, பல ஆண்டுகளாகக் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3 பாடல்கள். பழைய இயர்ஃபோனில் இனித்த அதே பாடல்கள் இதில் தேய்ந்து ஒலித்தன. ஜால்ரா வரும் இடமெல்லாம் மணலைத் தரையில் உரசுவதுபோல் கேட்டது. ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டோமே என்ற பதற்றத்தில் அன்று தூக்கமே வரவில்லை.

ஆம்ப்ளிஃபயர் இல்லாததுதான் குறை என்று முதலில் முடிவு கட்டினேன். 300 ஓம் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அந்த அளவு எதிர்ப்பு, கொண்ட ஹெட்ஃபோனைக் கைப்பேசி இழுக்காது என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு பயங்கரமானதல்ல. கைப்பேசியின் துளையில் செருகி ஹெட்ஃபோனை இணைக்கும், 1 வோல்ட் தரும் சாதாரண டாங்கிள் 300 ஓமுக்குள் 3.3 மில்லிவாட் செலுத்துகிறது. இப்போதைய சினிமாப் பாடல்கள் உரத்த அளவிலேயே பதிவு செய்யப்படுவதால், அவற்றுக்கு அது தாராளமாகவே போதும். மெல்லிய அளவில் பதிவான பழைய கச்சேரிகளுக்கும், வீட்டில் மாற்றிய கேசட் பதிவுகளுக்கும்தான் வால்யூம் கடைசிப் புள்ளியைத் தொட்டும் போதாமல் நின்றது. அதற்காகவே 2020-ல் மேசையில் வைக்கும், டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும் டாக்கும் ஆம்ப்பும் சேர்ந்த பெட்டி ஒன்றை வாங்கினேன். ஒலி அளவைச் சமமாக வைத்துக் கேட்டபோது டாங்கிளுக்கும் அதற்கும் இடையே நான் எதிர்பார்த்த மலையளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ், பேஸ் ஒலிகள் வரும் 100 ஹெர்ட்ஸ் அருகே 500 ஓமைத் தாண்டுவதால், வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகமுள்ள சில வால்வு ஆம்ப்களில் பேஸ் சற்றுத் தூக்கலாகக் கேட்கும். அந்தச் சுவையை விரும்புபவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை.

புதிய பெட்டியோடு ஒரு தொல்லையும் வந்தது. லேப்டாப்பின் சார்ஜரைச் செருகினால் மெல்லிய ரீங்காரம் கேட்கும், பிடுங்கினால் நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், யுஎஸ்பி துளையை மாற்றினேன், பெட்டியையே மாற்றவும் துணிந்தேன். கடைசியில் மோட்டார் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் போர்டைச் சோதித்துவிட்டு, வீட்டுக்கு எர்த்தே இல்லை என்றார். பின்புறம் தோண்டிப் பார்த்தபோது, எர்த் குழாயில் கம்பி பூட்டியிருந்த இடம் பச்சை பூத்து இற்று விழுந்திருந்தது. புதுக் கம்பி போட்டுக் கரியும் உப்பும் இட்டு மூடிய அன்று மாலையே ரீங்காரம் போய்விட்டது. ஆடியோவுக்காக நான் செய்த செலவுகளில் இதற்கு ஈடான பலன் தந்தது வேறில்லை.

கோப்பின் தரத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வரச் சற்றுப் பொறுமை தேவைப்பட்டது. 2021-ல் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணமின்றி லாஸ்லெஸ், அதாவது எதையும் இழக்காமல் சுருக்கிய கோப்புகளைக் கொடுத்தபோது, எம்பி3-யில் கேட்பதே பாவம் என்ற மனநிலைக்கு நானும் போய்விட்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடமிருந்த சிடி ஒன்றிலிருந்து ஒரே பாடலை ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் கோப்பாக எடுத்து, அதிலிருந்தே 128-லும் 320-லும் எம்பி3 செய்து, ஃபூபார்2000 மென்பொருளின் ஏபிஎக்ஸ் சோதனையில், எம்பி3 ஒவ்வொன்றையும் ஃபிளாக்கோடு ஒப்பிட்டு, எது எது என்று தெரியாதபடி 16 முறை வீதம் கேட்டேன். 128-ஐ 15 முறை சரியாகப் பிடித்தேன். 320-ல் சரியாகச் சொன்னது 9 முறை. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் 8 வந்திருக்கும். 128-ஐக் காட்டிக் கொடுத்தது ஜால்ராதான். எம்பி3 ஒலியைச் சிறு துண்டுகளாக்கிச் சுருக்குவதால், திடீரென்று எழும் ஓசையின் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவி, தட்டு விழுவதற்கு முன்பே ஒரு கசிவாகக் கேட்கத் தொடங்குகிறது. 320-ல் அந்தக் கசிவை என் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு கோப்பின் எண்ணைப் பார்ப்பதைக் குறைத்து, அந்தப் பதிவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்கத் தொடங்கினேன்.

அதற்குக் காரணம் அப்பாவின் கேசட்டுகள். 80-களின் இறுதியிலும் 90-களிலும் சுற்றுவட்டார அம்மன் கோவில் கொடை விழாக்களில், டேப் ரெக்கார்டரை மேடையோரம் வைத்து அவர் பதிந்த வில்லுப்பாட்டுகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. முதல் தடவை அவற்றைக் கணினிக்கு மாற்றியபோது எல்லாம் கம்பளி போர்த்தியதுபோல் மங்கலாக இருந்தன. டேப் பழசாகிவிட்டது என்று கைவிட்டிருப்பேன். ஆனால், கேசட் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், அதன் சாய்வைத் திருத்தும் அசிமத் திருகைப் பற்றிப் படித்திருந்தேன். பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் நம் டெக்கின் ஹெட் சாய்வும் பொருந்தாவிட்டால் உச்ச ஒலிகள்தான் முதலில் அழியும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேசட் ஓட ஓடச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். வில்லில் கட்டிய மணிகள், வீசுகோல் விழும் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகச் சிதறின. உடுக்கைக்குப் பின்னால் குடத்தின் அடியும், கூட்டத்தில் யாரோ இருமுவதும் தெளிவாகக் கேட்டன. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்துகொண்டேன். ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்தத் திருகலை மீண்டும் செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டும் வழக்கம் கிடையாது. நான் வற்புறுத்தி மாட்டிவிட்டதும் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, “இந்தச் சத்தமெல்லாம் இதுக்க உள்ளயா கெடந்துது மக்கா?” என்று கேட்டார். இரைச்சலும் கூடவே கேட்கத்தான் செய்தது. அதை மென்பொருளால் துடைத்தால் மணியின் கூர்மையும் போய்விடுகிறது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

நெடுநாள் உபயோகத்தில் தெரிந்த சங்கடங்கள் பெரும்பாலும் நம் ஊர் வானிலை சார்ந்தவை. இது திறந்த வகை ஹெட்ஃபோன். வெளி ஒலியைத் தடுக்காது. மேமாதப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்த முடியாது, ஃபேன் ஓடினால் லாஸ்லெஸ் தந்த நுணுக்கமெல்லாம் அதன் காற்றோடு போய்விடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம் மாவட்டத்துக்கு உண்டென்பதால், ஓட்டின் மீது மழை விழும் இரவுகளில் அதைத் தொடுவதில்லை. 2022 மழைக்காலத்தில் மேசையிலேயே விட்டுவைத்ததால் காதுத் திண்டில் பூஞ்சை பிடித்தது என் கவனக்குறைவுதான். அதன் பிறகு சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வைக்கிறேன். கேபிளும் திண்டும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை என்பது இந்த ஈர ஊரில் பெரிய வசதி. இரண்டாம் ஜோடித் திண்டு இப்போது ஓடுகிறது.

இன்னும் பதினொரு கேசட்டுகள் மாற்ற வேண்டியிருக்கின்றன. ஆம்ப்பை உயர்த்தும் எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, டெக்குக்குப் புது பெல்ட் ஒன்று சொல்லியிருக்கிறேன். பழையது தளர்ந்து, பாட்டு நடுநடுவே இழுக்கிறது.