துளையா, எலக்ட்ரானா? செப்பு ஆக்சைடு மீக்கடத்திகளுக்கு மூன்று டோப்பிங் வழிகள்

வேற்று அணுவைச் சேர்த்தோ ஆக்சிஜன் அளவை மாற்றியோ ஒரு பொருளின் மின்னூட்ட எண்ணிக்கையை மாற்றுவதுதான் டோப்பிங். அது செய்யாத லாந்தனம் செப்பு ஆக்சைடு உலோகமாக இருக்க வேண்டும் என்கிறது, திண்மத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளை விளக்கும் பட்டைக் கொள்கை. உண்மையில் அது மின்காப்பு. காரணம், ஒரே செப்பு அணுவில் இரு மின்னூட்டங்கள் சேர்ந்திருக்க சுமார் 8 எலக்ட்ரான்வோல்ட் ஆகும். அந்த ஆற்றல் பிளவுக்கு நடுவே ஆக்சிஜனின் 2பி எலக்ட்ரான் பட்டை கிடப்பதால் மிஞ்சுவது ஏறக்குறைய 2 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளி. ஆகவே துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) ஆக்சிஜனில் குடியேறும், எலக்ட்ரானோ செப்பில். எந்தத் தனிமத்தால் டோப்பிங் செய்கிறோம் என்பதைவிட இந்த வேறுபாடுதான் பெரியது.

துளைகளின் எண்ணிக்கை துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் ஸ்ட்ரான்சியத்தை எடுங்கள். ஒரு செப்புக்கு ஆக்சிஜன் சரியாக 4 என்று இருந்தால், லாந்தனத்தின் இடத்தில் அமரும் ஒவ்வொரு ஸ்ட்ரான்சியமும் ஒரு துளை தரும். அந்தத் துளை இரு செப்பு அணுக்களுக்கு நடுவே நின்று அவற்றின் எலக்ட்ரான் சுழற்சிகளைக் (ஸ்பின்) குழப்பிவிடும். 300 கெல்வினுக்கு மேலும் தாக்குப்பிடித்த எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு (அடுத்தடுத்த சுழற்சிகள் எதிரெதிராக நிற்பது) ஒரு செப்புக்கு வெறும் 0.02 ஸ்ட்ரான்சியம் என்ற அளவிலேயே சரிந்துவிடும். மீக்கடத்தல், அதாவது மின்தடையே இல்லாத கடத்தல், 0.05 வாக்கில் தொடங்கி, 0.16 அருகே சுமார் 38 கெல்வினை எட்டுகிறது. நடுவே 0.125 பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அதைக் கண்டு மாதிரியைச் சந்தேகிக்க வேண்டாம், மின்னூட்டமும் சுழற்சியும் கோடு கோடாக ஒழுங்குபடுவதன் விளைவு அது.

கோளாறு பெரும்பாலும் எடைபோடும்போதே வரும். 0.15 அளவுக்கு 0.05 மோல் செய்ய லாந்தனம் ஆக்சைடு 15.07 கிராம், ஸ்ட்ரான்சியம் கார்பனேட் 1.107 கிராம், செப்பு ஆக்சைடு 3.977 கிராம். லாந்தனம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சி ஹைட்ராக்சைடாகும். முழுவதும் மாறியிருந்தால் லாந்தனம் 14 சதவீதம் குறையும். ஸ்ட்ரான்சிய விகிதம் ஏறிவிடும், எக்ஸ்கதிர் வரைபடத்தில் மீந்த செப்பு ஆக்சைடு தலைகாட்டும். 1000 டிகிரி செல்சியஸில் சுட்டு, ஈரம் படாமல் ஆறவிட்டு, உடனே எடைபோடுவதே வழி.

இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடில் டோப்பிங் வேலை ஆக்சிஜனுடையது: ஒரு வாய்ப்பாட்டு அலகில் ஆக்சிஜன் 6.0 என்றால் மின்காப்பு, 6.9க்குச் சற்று மேல் என்றால் 93 கெல்வினில் மீக்கடத்தல். சேரும் ஆக்சிஜன், மீக்கடத்தல் நடக்கும் செப்பு-ஆக்சிஜன் தளங்களைத் தொடாமல், தனியே உள்ள செப்பு-ஆக்சிஜன் சங்கிலிகளில் அமர்வதால் படிகம் சுத்தமாக இருக்கும். 2007இல் குவாண்டம் அலைவுகள் (காந்தப்புலத்தை மாற்றும்போது மின்தடை போன்றவை ஏறி இறங்குவது) இதில்தான் பிடிபட்டன. உச்ச அளவைவிடக் குறைந்த டோப்பிங்கில் ஃபெர்மி பரப்பு (எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் எல்லை) சிறு துண்டாகச் சுருங்கியிருப்பதை அவை காட்டின. தளத்தில் உள்ள துளைகள் எத்தனை என்பதை மட்டும் ஆக்சிஜன் எண்ணை வைத்து நேராகச் சொல்ல முடியாது. சங்கிலி ஒழுங்கும் அதைத் தீர்மானிக்கிறது, 6.5 அருகே திடீரெனக் குளிர்வித்த மாதிரியை அறை வெப்பத்தில் சும்மா வைத்தாலே மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பம் ஏறும். ஒளி பாய்ச்சி எலக்ட்ரான்களை வெளியேற்றி ஆராயும் ஒளி உமிழ்வு அளவீட்டுக்கும் இது தோதுப்படாது: பிளந்த பரப்பு தானாகவே மிகை டோப்பிங் ஆகிவிடும்.

எலக்ட்ரான் பக்கத்தில் நியோடைமியம் செப்பு ஆக்சைடில் சீரியம் சேர்ப்பார்கள். எலக்ட்ரான் ஏறிய செப்பு 3டி10 ஆகி, அதாவது அதன் 3டி கூடு முழுதும் நிரம்பி, சுழற்சியை இழக்கிறது. அது காந்த ஒழுங்கைக் குழப்புவதில்லை, நீர்க்கச் செய்கிறது. அதனால் ஒழுங்கு 0.13 வாக்கு வரை நீடிக்கும், மீக்கடத்தலோ 24 கெல்வின் சுமாரில் நின்றுவிடும். ஃபெர்மி பரப்பும் இடம் மாறித் தோன்றுகிறது: துளைப் பக்கத்தில் பிரில்லூன் மண்டலத்தின் (எலக்ட்ரான் உந்தங்களைக் குறிக்கும் சதுர வரைபடம்) மூலைவிட்டங்களில் வில்கள், இங்கே விளிம்பு மையங்களில் எலக்ட்ரான் திட்டுகள். 0.15 சீரியத்துடன் வளர்த்த படிகம் அப்படியே மீக்கடத்தாது. ஆர்கானில் சூடேற்றிச் சிறிதளவு ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். மிஞ்சினால் படிகமே சிதையும். மூன்றில் இதைத்தான் கடைசியாகத் தொடுவேன்.