நாள் கணக்கா, மேட்ச் கணக்கா: தடையை எதில் எண்ணுவது?

எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் 8 அணிகள். டென்னிஸ் பந்து, 12 ஓவர், ஏரிக்குள்ளேயே மைதானம். நான் கமிட்டியில் ஒருவன். பந்து வாங்குவது, பிட்ச் உருட்டுவது, கோப்பைக்கு ஸ்பான்சர் பிடிப்பது எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சண்டை போட்டவனை எவ்வளவு காலம் வெளியே உட்கார வைப்பது என்ற தலைவலி மட்டும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. மூன்று வருடத்தில் மூன்று முறைகளை மாற்றிப் பார்த்தோம். இப்போது மேட்ச் கணக்குக்கு வந்து நிற்கிறோம். நான் அந்தக் கட்சிதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டத்துக்குள்ளேயே தண்டிக்கும் முறையும் உண்டு. புரோ கபடியில் மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே, ஹாக்கியில் பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5. கிரிக்கெட்டிலும் 2017-ல் எம்சிசி (ஆட்ட விதிகளை எழுதும் லண்டன் கிளப்) விதிகளில் இதைச் சேர்த்தார்கள். ஓவர் வரம்புள்ள ஆட்டத்தில் இன்னிங்ஸின் ஐந்தில் ஒரு பங்கு ஓவருக்கு ஆளை வெளியே அனுப்பலாம். எங்கள் 12 ஓவரில் அது இரண்டு ஓவர் சொச்சம். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் வருடம் நாள் கணக்கு. யோசித்தெல்லாம் வைக்கவில்லை, வாயில் வந்தது அதுதான். ஆகஸ்டில் ஒரு பையன் ஸ்கோர் எழுதுபவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். 15 நாள் என்றோம். அந்த 15 நாளில் இரண்டு ஞாயிறுகள், நடுவில் சுதந்திர தின விடுமுறைக்கு ஒரு மேட்ச். ஆக மூன்று ஆட்டம் போச்சு. அக்டோபரில் இன்னொருவன், வைடு கொடுத்ததற்காக அம்பயரின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவனுக்கு 30 நாள். அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று ஞாயிறு ஏரியில் தண்ணீர், நாலாவது ஞாயிறு தீபாவளிக்கு முந்தினது, பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. முப்பத்தோராம் நாள் போன் வந்தது.

"அண்ணா, முப்பது நாள் முடிஞ்சுபோச்சு. இந்த ஞாயிறு லிஸ்ட்ல பேர் போடலாம்ல?"

போடச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? திட்டியவனுக்கு மூன்று மேட்ச் நஷ்டம், தள்ளியவனுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த அம்பயர் அதன்பிறகு எங்கள் லீக்குக்கு வரவே இல்லை.

எங்கள் ஊர் மழையோடு நிற்கிற விஷயம் இல்லை இது. சூதாட்டத் தரகர் அணுகியதைத் தெரிவிக்காமல் விட்டதற்காக வங்கதேச வீரர் ஷகிப் அல் ஹசனுக்கு 2019 அக்டோபர் 29-ல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி இரண்டு வருடத் தடை போட்டது. அதில் ஒரு வருடம் நிறுத்திவைப்பு. மிச்சமிருந்த ஒரு வருடத்தில் 2020 மார்ச்சுக்குப் பிறகு கொரோனாவால் வங்கதேசம் ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடவில்லை. அக்டோபரில் தொடங்க வேண்டிய டி20 உலகக் கோப்பையும் தள்ளிப்போனது. 2021 ஜனவரியில் அந்த அணி மறுபடி களமிறங்கியபோது ஷகிப்பும் இறங்கினார், வெஸ்ட் இண்டீஸின் 4 விக்கெட்டை 8 ரன் கொடுத்து எடுத்தார். தடையின் பின்பாதியில் அவர் இழந்த சர்வதேச ஆட்டம் ஒன்றும் இல்லை. விதியை எழுதியவர்கள் மீது குற்றம் இல்லை, காலண்டர் அப்படி விழுந்தது.

காலண்டர் எதிர்ப்பக்கமும் விழும். 2018 மார்ச்சில் கேப்டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்மித்துக்கு ஐசிசி போட்டது ஒரே ஒரு டெஸ்ட் தடை. அந்த நாட்டு வாரியமான கிரிக்கெட் ஆஸ்திரேலியா போட்டது 12 மாதம், துணை கேப்டன் வார்னருக்கும் அதேதான். அந்த 12 மாதத்துக்குள் இந்தியாவுடனான உள்ளூர்த் தொடர் வந்தது; ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றது அப்போதுதான். ஆனால் தடை 2019 மார்ச் இறுதியில் முடிந்ததால் மே 30-ல் தொடங்கிய உலகக் கோப்பைக்கும், ஆகஸ்டில் இங்கிலாந்தோடு தொடங்கிய ஆஷஸ் டெஸ்ட் தொடருக்கும் இருவரும் தயார். அந்த ஆஷஸில் நாலே டெஸ்டில் ஸ்மித் எடுத்தது 774 ரன். 12 மாதம் என்ற அதே எண் மூன்று மாதம் தள்ளித் தொடங்கியிருந்தால் அதன் எடையே வேறு.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இந்த ஒரு விஷயம்தான். ஆட்டக்காரனுக்கு வலிப்பது நாள் இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று தன் அணி ஆடுவதைப் பார்ப்பதுதான். எது வலிக்கிறதோ அதில்தான் எண்ண வேண்டும்.

சரி, மேட்ச் கணக்குக்கு மாறினோம். கெட்ட வார்த்தைக்கு 1 மேட்ச், அம்பயர் மேல் கை பட்டால் 4, அடித்தால் அந்த சீசனே இல்லை. எழுதிக் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தொடங்கியது. எது மேட்ச்?

ஒரு கேப்டன் எங்களைவிடக் கெட்டிக்காரர். அவருடைய ஓப்பனருக்குத் தடையில் ஒரு மேட்ச் பாக்கி. அணி ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்டது, கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றாலும் ஒன்றும் ஆகாது. அந்த வாரம் அணியையே அழைத்து வராமல் எதிரணிக்கு வாக்ஓவர் கொடுத்துவிட்டார். "மேட்ச் கணக்குல கழிஞ்சுதுல்ல?" என்றார். அந்த சீசனுக்கு விதி இல்லாததால் விட்டுக்கொடுத்தோம். அடுத்த சீசனில் ஒரு வரி சேர்ந்தது: டாஸ் போட்டால்தான் மேட்ச்.

இந்தச் சிக்கலைப் பெரிய இடத்திலும் பார்க்கலாம். 2014 கால்பந்து உலகக் கோப்பையில் இத்தாலி வீரர் கியெல்லினியைக் கடித்ததற்காக உருகுவே வீரர் சுவாரெஸுக்கு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா கொடுத்தது இரண்டு தண்டனை: உருகுவேக்கு 9 போட்டித் தடை, கால்பந்தே கூடாது என்று 4 மாதத் தடை. நாலு மாதம் அக்டோபரில் முடிந்து பார்சிலோனாவுக்கு ஆட வந்துவிட்டார். 9 போட்டியில் நட்பு ஆட்டங்கள் கணக்கில் இல்லை. அதனால் உருகுவேக்காக அதிகாரப்பூர்வப் போட்டியில் அவர் மறுபடி இறங்கியது 2016 மார்ச்சில். நடுவில் தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா கோப்பையும் போனது.

மேட்ச் கணக்கு சீசனைத் தாண்டியும் தொடரும். இது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஹர்திக் பாண்டியா 2024 ஐபிஎல்லில் மும்பையின் கடைசி மேட்ச்சில் கேப்டனாக மூன்றாவது முறையாக ஓவர் தாமதத்துக்கு (குறித்த நேரத்தில் ஓவர்களை வீசி முடிக்காததற்கு) மாட்டினார், ஒரு மேட்ச் தடை. தண்டனையை அனுபவித்தது பத்து மாதம் கழித்து, 2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னையோடு நடந்த முதல் மேட்ச்சில். எதற்கு இந்தத் தடை என்பதே பலருக்கு மறந்திருக்கும். ஆனாலும் கணக்கு கணக்குதான். சென்னைக்காரர்கள் யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

தொடர மேட்ச்சே இல்லாவிட்டால்தான் சிக்கல். 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் எதிரணி வீரரைத் தலையால் முட்டிய பிரான்ஸ் வீரர் ஜிடானுக்கு ஃபிஃபா மூன்று போட்டித் தடை விதித்தது. அவரோ அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். கடைசியில் மூன்று நாள் சமூக சேவை என்று முடித்தார்கள். எங்களுக்கும் ஒரு ஜிடான் இருக்கிறார்: இரண்டு மேட்ச் பாக்கியோடு துபாய் போனவர். நோட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது.

நோட்டு என்றேன் அல்லவா, அதுதான் இந்த முறையின் செலவு. நாள் கணக்குக்குக் காலண்டர் போதும். இதற்கு யாராவது ஒருவர் வாராவாரம் எழுத வேண்டும்: யார், எத்தனை, எந்த மேட்ச்சில் கழிந்தது. ஒரு வாரம் விட்டால் சண்டை. பக்கத்தைப் போட்டோ எடுத்து கேப்டன்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறேன். மறுப்பு இருந்தால் செவ்வாய்க்குள் சொல்ல வேண்டும். இதற்கு ஆள் கிடைக்காத லீக் நாள் கணக்கிலேயே இருப்பது நல்லது.

மூன்றாவது, பாயின்ட் முறை. ஐசிசி 2016 செப்டம்பரில் கொண்டுவந்தது: 24 மாதத்துக்குள் 4 டிமெரிட் பாயின்ட் (தப்புக்குப் போடும் கரும்புள்ளி) சேர்ந்தால் ஒரு டெஸ்ட், அல்லது இரண்டு ஒருநாள், அல்லது இரண்டு டி20, எது முதலில் வருகிறதோ அதில் தடை. கவனித்தால் அதுவும் கடைசியில் மேட்ச்சில்தான் வந்து நிற்கிறது. சிறு தப்புகளைச் சேர்த்துவைத்துப் பிடிக்கும் என்பது இதன் பலம். பலவீனம், கடைசித் துளி. 2020 ஜனவரியில் போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்தின் ஜோ ரூட்டை அவுட்டாக்கிய தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சாளர் ரபாடா, அவர் பக்கம் ஓடிவந்து கத்தினார். அதற்குக் கிடைத்தது ஒரே பாயின்ட். பழைய மூன்றோடு சேர்ந்து நாலாகி அடுத்த டெஸ்ட் போனது. கத்தியதற்கா ஒரு டெஸ்ட் என்று ஊரே கேட்டது.

இந்த முறையை நாங்கள் ஒரே ஒரு சீசன் வைத்திருந்தோம், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். யாரும் நாலைத் தொடவில்லை. பயந்து அடங்கினார்களா, அல்லது மூணு பாயின்ட் இருக்கிறவன் மேல் நாலாவதை எழுத அம்பயர்களுக்குக் கை வரவில்லையா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. எங்கள் அம்பயர்கள் மற்ற அணிகளில் ஆடுகிறவர்கள், திங்கட்கிழமை அதே டீக்கடையில் நிற்க வேண்டியவர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நாள் கணக்கை இன்னும் வைத்திருக்கிறோம். பந்தயம் கட்டுவது, வேறு பெயரில் ஆடுவது மாதிரி ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் வேலைக்கு ஒரு வருடம். அந்த ஆள் ஆடவும் கூடாது, அம்பயராகவோ ஸ்கோரராகவோ உட்காரவும் கூடாது என்றால் அதை மேட்ச்சில் எண்ண முடியாது. இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் போட்டிருக்கிறோம்.

வர்ற மாசம் கமிட்டி கூடுகிறது. டாஸ் போட்டு, இரண்டு ஓவர் வீசி, மழையில் நின்றுபோன ஆட்டத்தைத் தடையில் கழிக்கலாமா என்பதுதான் விவாதம். போன முறை கழிக்கலாம் என்று 5 பேர், கூடாது என்று 3 பேர்; கழிக்கலாம் பக்கம் ஜெயித்தது. நான் அந்த மூன்றில் ஒருவன். இந்த முறை இன்னும் இரண்டு பேரைப் பேசி வைத்திருக்கிறேன்.