ஃபோர்ட்ரானுக்கு எந்த எடிட்டர்? ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஆற்றுநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் பழைய ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. பைத்தான் மொழியாக இருந்தால், நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டர் எதுவானாலும் வேலை நடந்துவிடும். 1957-இல் வெளிவந்து, இன்றும் வானிலைக் கணிப்பிலும் லாபேக் போன்ற கணித நூலகங்களிலும் உழைத்துக்கொண்டிருக்கும் ஃபோர்ட்ரானுக்கு அப்படியில்லை.

முதலில் விஎஸ் கோடு என்ற எடிட்டரையே பயன்படுத்தினேன். மாடர்ன் ஃபோர்ட்ரான் நீட்சியையும் நிரலைப் படித்து எடிட்டருக்கு விவரம் தரும் ஃபோர்ட்எல்எஸ் என்ற மொழிச் சேவையகத்தையும் நிறுவியதும், ஒரு துணைநிரலின் பெயர்மேல் சுட்டியை வைத்தாலே அதன் உள்ளீடுகள் வரிசையாகத் தெரிந்தன. இருபது உள்ளீடுகள் கொண்ட துணைநிரல்களில் வரிசை மாறினால், நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் கண்டுபிடிக்கும் என்ற உறுதி பழைய நிரல்களில் கிடையாது என்பதால், இந்த வசதி எனக்குப் பேருதவியாக இருந்தது.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. பழைய நிலைவடிவ ஃபோர்ட்ரானில் ஒவ்வொரு வரியிலும் எந்த எழுத்து எந்த இடத்தில் வரலாம் என்பதற்கு விதி உண்டு: முதல் ஐந்து இடங்கள் வரி அடையாள எண்ணுக்கும், ஆறாவது இடம் முந்தைய வரி தொடர்வதைக் காட்டும் தொடர்ச்சிக் குறிக்கும் உரியவை. கட்டளை 7-ஆம் இடம் முதல் 72-ஆம் இடம் வரைதான் இருக்கலாம். ஐபிஎம் 704 கணினியின் அட்டை வாசிப்பான் 80 இடங்கள் கொண்ட துளை அட்டையில் 72 இடங்களை மட்டுமே படித்ததால் வந்த விதி இது. 'இன்க்' என்று முடியும் எங்கள் இணைப்புக் கோப்புகளை நான் விஎஸ் கோடில் தவறுதலாக, இந்த இட விதிகள் இல்லாத கட்டற்ற வடிவத்தோடு இணைத்து வைத்திருந்தேன்; அதனால் எடிட்டர் 72-ஆம் இட எல்லையைக் காட்டவில்லை. அவற்றில் ஒன்றில் நீண்ட சமன்பாடு எழுதியபோது 'டெம்ப்2' என்ற மாறியின் கடைசி 2 மட்டும் 73-ஆம் இடத்தில் விழுந்தது. கம்பைலர் அதை வெட்டிவிட்டு, ஏற்கெனவே இருந்த 'டெம்ப்' என்ற மாறியை எடுத்துக்கொண்டது. பிழைச் செய்தி இல்லை. விடையும் நம்பும்படியாகவே இருந்தது. எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும்படி எங்கள் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானை இயக்கிய பிறகே வரி வெட்டப்பட்டது தெரிந்தது. அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

அதன்பின் எடிட்டரைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் கோப்பு எந்த வடிவத்தில் உள்ளது என்று அதற்குத் தெரியுமா என்பதே. அந்தக் கேள்விதான் என்னை ஈமேக்ஸ் என்ற எடிட்டரிடம் கொண்டுவந்தது. கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்பாக, நிலைவடிவத்துக்கான 'ஃபோர்ட்ரான்' பயன்முறையை எழுதி வைத்துவிட்டால், அந்தத் தகவல் கோப்போடே போகிறது. அதை ஈமேக்ஸில் திறக்கும் எவருக்கும் சரியான வடிவமே கிடைக்கிறது. 72-ஐத் தாண்டிய எழுத்துகள் உடனே குறிப்புரையின் நிறத்துக்கு மாறிவிடுகின்றன. கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் இட எண்களைக் காட்டும் அளவுகோல் வரிக்கு மேலே தோன்றுகிறது. கன்ட்ரோல்-மெட்டா-ஜே (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை) அழுத்தினால் வரி உடைந்து, தொடர்ச்சிக் குறி ஆறாவது இடத்தில் தானாக அமர்கிறது. மேலும், நாங்கள் நிரலை ஓட்டும் தொலைவுக் கணினியின் முனையத்திலும் இவை அனைத்தும் அப்படியே இயங்குகின்றன.

குறை இல்லாமல் இல்லை. விசைச் சேர்க்கைகள் கைக்குப் பழக எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் இதை நான் வற்புறுத்துவதில்லை. 2023-இல் வந்த ஈமேக்ஸ் 29-இல், மொழிச் சேவையகங்களோடு இணைக்கும் எக்லாட் உள்ளேயே இருப்பதால், ஃபோர்ட்எல்எஸ் வசதிகள் இப்போது இங்கும் கிடைக்கின்றன. புதிய கூறுகளைக் கட்டற்ற வடிவில் எழுதும் இளையவர்கள் விஎஸ் கோடிலேயே தொடர்கிறார்கள். அவர்களுக்கு அதுவே பொருத்தம். ஆனால் பழைய கோப்புகளைத் தொடும்போது மட்டும் எடிட்டரில் 72-ஆம் இடத்தில் எல்லைக் கோடு போட்டுக்கொள்ளும்படியும், எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கிவைத்தே கம்பைல் செய்யும்படியும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.