முதுகு ‘இளக்கும்’ மையத்தில் போன 24,000 ரூபாய்: முதுகெலும்பு ஒட்டிப்போகும் ஏ.எஸ். நோய் உள்ளவர்கள் படியுங்கள்

24,000 ரூபாய். பத்து சிட்டிங் பேக்கேஜ், மொத்தப் பணமும் முதல் நாளே. மூன்றாவது சிட்டிங்கில் அண்ணனுக்குக் கழுத்து முறிந்தது.

மையத்தின் பெயர் வேண்டாம். ரீல்ஸில் கழுத்தைத் திருகி ‘டக் டக்’ சத்தம் போட்டு ஆள் பிடிக்கிற ரகம்.

அண்ணனுக்கு இருபது வருஷமாக ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது ஏ.எஸ். மறைக்கவில்லை, பழைய எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்தோம். மையத்து ஆள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “மூங்கில் மாதிரி ஆயிருக்கு, இளக்கிடலாம்” என்றார். டாக்டர்கள் சொல்கிற அதே ‘மூங்கில்’ என்று சரியாகச் சொன்னதில்தான் விழுந்தோம். விஷயம் தெரிந்தவர் என்று நம்பி அங்கேயே ஜிபே.

அந்த மூங்கிலை யாராலும் இளக்க முடியாது. டிஸ்க்கின் ஓரமும் தசைநார்களும் எலும்பாகவே மாறி, முதுகு ஒரே கம்பாகியிருக்கும். வெளியே கெட்டி, உள்ளே எலும்பு சத்தில்லாமல் பொறபொறத்திருக்கும். நல்ல முதுகு அதிர்ச்சியைக் கணுக்கணுவாகப் பங்கு போட்டுக்கொள்ளும். இந்தக் கம்பில் மொத்த விசையும் ஒரே இடத்தில், பெரும்பாலும் கீழ்க்கழுத்தில், இறங்கும். முன்னும் பின்னும் சேர்ந்து குறுக்கே முறியும். முறிந்த முனைகள் நகரும். பாத்ரூமில் வழுக்கினாலே இது நடக்கும், பிடித்துத் திருகினால் கேட்கவா வேண்டும்? முதுகு ஒட்டிப்போனவர்களுக்கு இந்தத் திருகல் கூடவே கூடாது என்று 2019-லேயே அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.

‘டக்’ என்றதும் “ரிலீஸ் ஆயிடுச்சு” என்று சிரித்தார். அன்று ராத்திரியே வலி, பழகிய வலி இல்லை. ஃபோன் செய்தால் “மூணு நாள் அப்படித்தான் இருக்கும்.” நாலாம் நாள் விரல்கள் மரத்தன. “நரம்பு திறக்குது சார்.” அதற்கப்புறம் சார் எப்போதும் வெளியூர். பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்பக்கம் படிக்கச் சொன்னார்கள், ரீஃபண்ட் கிடையாது. மீதி ஏழு சிட்டிங்கை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றிக்கொள்ளலாமாம். 24,000 ரூபாய்க்கு இந்தப் பதில்!

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கீழ்க்கழுத்தைத் தோள் மறைத்துவிடும். சி.டி. ஸ்கேனில்தான் ஆறாவது, ஏழாவது எலும்புக்கு நடுவே முறிவு. எம்ஆர்ஐயில் தண்டுவடத்தை ஒட்டி ரத்தக்கட்டு. ஆபரேஷன் செலவு இந்த 24,000-ல் சேராது.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், ஆஸ்பத்திரி வராண்டாவில் இவ்வளவுதான் ஓடுகிறது. கழுத்தையும் முதுகையும் யாரையும் திருக விடாதீர்கள். விழுந்தது சின்னதாக இருந்தாலும், வலியின் சுபாவம் மாறினால் உடைந்ததாகவே வைத்துக்கொண்டு முழு முதுகுக்கும் சி.டி. ஸ்கேன் கேளுங்கள். எக்ஸ்ரே நார்மல் என்று அனுப்பினால் கிளம்பாதீர்கள். எலும்பு அடர்த்தியை இடுப்பில் பாருங்கள், முதுகில் பார்த்தால் பொய்யாக அதிகம் காட்டும். முக்கியமானது இது: கூன் விழுந்தவரை ஆம்புலன்ஸில் மட்டமாகக் கிடத்தாதீர்கள், காலர் போட்டு நிமிர்த்தாதீர்கள். முறிவு வாய் பிளந்து தண்டுவடம் போய்விடும். தலை வழக்கமாக எந்த வளைவில் இருந்ததோ, அதே வளைவில் தலையணை முட்டுக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.