கன்னேரிமுக்கா, பாலாடாவா?

நீலகிரியின் பழைய கதையைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் எங்கே போவது? கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் வெள்ளைக்காரர் காலத்துக் கோவைக் கலெக்டர் ஜான் சலிவனின் வீடு நினைவகமாக இருக்கிறது. ஊட்டியைத் தாண்டி முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் மேட்டுப்பாளையம் பிள்ளைகளுக்கு நான் கன்னேரிமுக்கைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளைக்காரக் கலெக்டர் வீட்டைக் காட்டவா மலை ஏறணும் என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

தூரம், பஸ் எல்லாம் பெரிய விஷயமில்லை. பார்க்கும் பொருள்களை எண்ணினால் பாலாடாதான் ஜெயிக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று மலையின் ஆறு பழங்குடிகளின் வீட்டு மாதிரிகள், கருவிகள், அணிகலன்கள் அங்கே இருக்கின்றன.

ஆனால் எனக்கு முக்கியம் ஆண்டு. வில், கூடை, குடிசை என வகைபிரித்து வைக்கும்போது இந்த மக்கள் எப்போதும் இப்படியே இருந்தார்கள் என்ற எண்ணம்தான் பிள்ளைகளுக்கு வரும். மேய்ச்சல் நிலம் எப்போது போனது, யாரிடம் போனது என்று கேட்க அங்கே பிடிமானம் இல்லை. இது பாலாடாவின் தனிக் குறை இல்லை, மக்களின் வாழ்க்கை முறையைக் காட்டும் இனவரைவியல் கூடங்களின் பழைய வழக்கம். அங்குள்ள நூலகத்துக்குள் நான் போனதில்லை. அதில் வேறு கதை கிடைக்கலாம்.

கன்னேரிமுக்கில் சலிவன்தான் கதாநாயகன். 2022-இல் 'ஊட்டி 200' என்று அவருக்குச் சிலை வைத்ததும் அதே புகழ்ச்சியில்தான். ஆனாலும் அவர் மலைக்கு வந்த 1819 என்று ஆண்டு இருக்கிறது, கோவைக் கலெக்டர் என்று பதவி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். அவர் தோடரிடம் நிலத்துக்குக் காசு கொடுத்தார், நிலம் அவர்களுடையது என்று மேலிடத்தோடு வாதாடவும் செய்தார். அதே ஆள்தான் ஊட்டிக்கு வெள்ளைக்காரர்களை வரவழைத்தார். பின்னால் 1860-களில் மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்டத்தை அரசே போட்டது, 1870-இல் ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரானது. இதைச் சொன்னபோது ஒரு பையன், "வித்தவங்க பேரு என்ன சார்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. பழைய படங்களை அதற்கப்புறம்தான் நின்று பார்த்தார்கள்.

இரண்டு நாள் இருந்தால் முதலில் கன்னேரிமுக்கு, அப்புறம் பாலாடா என்று போங்கள்.

நான் பார்த்தவரை இரண்டிலும் விட்டுப்போன ஒரு கதை உண்டு. இலங்கையின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வைத்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் அங்கிருந்து வந்து, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் கதை அது. இலங்கையில் கம்பளைப் பக்கம் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தையே (வரிசை வீடுகளையே) தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். நான் போனதில்லை. கூடலூரிலோ கோத்தகிரியிலோ அப்படி ஒன்று இருந்தால் அடுத்த வருஷம் பஸ் அங்கேதான் நிற்கும்.