மும்பையில் சங்கத்துக்கும் பள்ளிக்கும் நிதி: எந்த வாசல் திறக்கிறது, எது இழுக்கிறது

தாராவியில் மாலை டியூஷன் நடத்தும் மன்றம், சயான் கோலிவாடா கபடிக் குழு, செம்பூர் மகளிர் அமைப்பு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் குழு. நிதி வேண்டும் என்றதும் இவர்கள் எல்லோரும் முதலில் உட்கார்ந்து எழுதுவது ஒரு வேண்டுகோள் கடிதம். உண்மையில் கடைசியாக எழுத வேண்டியது அது. இந்த ஊரில் கொடுக்கும் பணத்துக்குக் குறைவில்லை. கொடுப்பவர் கேட்கும் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்புகின்றன. அந்தக் கோணத்தில்தான் இங்கே ஒவ்வொரு வாசலையும் எடைபோட்டிருக்கிறோம்.

ஒர்லி: சாரிட்டி கமிஷனர் அலுவலகம் (5-க்கு 3)

மகாராஷ்டிரத்தில் ஒரு சங்கம் 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானால் மட்டும் போதாது. மகாராஷ்டிர பொது அறக்கட்டளைச் சட்டம் 1950-இன்கீழும் இந்த அலுவலகத்தில் பதிவாக வேண்டும். சங்கங்களின் பதிவெண் 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும். இரண்டு சான்றிதழும் இருந்தால்தான் மற்ற வாசல்களில் நிற்கவே முடியும்.

பதிவு பெரிய சிக்கல் இல்லை. பதிவுக்குப் பின் வருவதுதான் சிக்கல். நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் பிரிவு 22-இன்படி மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். எல்லோரும் 'சேஞ்ச் ரிப்போர்ட்' என்று சொல்வது இதைத்தான். கூட்ட அறிவிப்பு, வருகைப் பதிவு, தீர்மான நகல், விலகியவரின் ராஜினாமா கடிதம் அல்லது இறப்புச் சான்றிதழ், புதியவரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பத்து வருடம் ஒரே தலைவரை மாலை போட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, நடுவில் மூன்று பொருளாளர்கள் மாறியதை எங்குமே பதியாத சங்கங்கள் ஏராளம். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் ஒருவர், ஒர்லிப் பதிவேட்டில் இருப்பவர் இன்னொருவர் என்றால், நிதி தரும் கம்பெனியின் சரிபார்ப்பு அதிகாரி கோப்பை அங்கேயே மூடிவிடுவார். 90 நாள் தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு தனியாகப் போட வேண்டும். பழைய மாற்றங்களை வரிசைப்படி ஒவ்வொன்றாகத்தான் தீர்க்க முடியும். கடைசி மாற்றத்தை மட்டும் கொடுத்துத் தப்பிக்க வழியில்லை. மதிப்பெண் குறைந்ததற்கு இந்த நீண்ட வரிசைதான் காரணம்.

கணக்கை மார்ச் 31-இல் முடித்து, ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். நிதி கேட்டுப் போனால் மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேட்காத ஆள் கிடையாது. பதிவு இல்லாத குழு பொங்கல் விழாவுக்கு மட்டும் வசூலிக்க நினைத்தால், பிரிவு 41சி-இன்படி அனுமதி வாங்க வேண்டும். கணபதி மண்டல்கள் செய்வதும் அதைத்தான்.

12ஏ, 80ஜி

வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் வேறு. ஆனாலும் ஆடிட்டர் முதல் கொடையாளர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் பழைய பெயர்தான். 12ஏ சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருகிறது, 80ஜி கொடுப்பவருக்குக் கழிவு தருகிறது. கம்பெனிப் பணம் வேண்டுமானால் இரண்டும் தேவை.

சறுக்கும் இடம் தற்காலிகப் பதிவு. சான்றிதழில் 3 ஆண்டு என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். விதி அப்படி இல்லை. அந்தக் காலம் முடிவதற்கு 6 மாதம் முன்போ, பணி தொடங்கிய 6 மாதத்துக்குள்ளோ, எது முந்தையதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சங்கம் ஏற்கெனவே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஏற்கெனவே இயங்கும் அமைப்புகள் தற்காலிகப் பதிவைத் தாண்டி நேரடியாகவே முறையான பதிவு கேட்கலாம் என்று 2023-இல் விதி மாறியது. பல ஆடிட்டர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இரண்டாவது சறுக்கல் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதப் பிரிவுக்கோ மட்டும் பயன்படும் அமைப்புக்கு 80ஜி கிடையாது. மும்பைத் தமிழரிடையே ஊர்ப்பெயர், சாதிப்பெயர் சேர்ந்த சங்கங்கள் பல உண்டு. பெயரில் இருப்பதைவிட நோக்கப் பகுதியில் 'நம் சமூகத்தாருக்கு மட்டும்' என்று எழுதியிருப்பதுதான் கொல்லும். மதக் காரியச் செலவும் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே கணக்கில் கோயில் விழாவையும் கல்வி உதவியையும் போட்டுக் குழப்புபவர்கள் இங்கே மாட்டுகிறார்கள்.

நோக்கத்தை மாற்றலாம். 1860 சட்டப்படி தனிக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது கூட்டத்தில் மறுபடியும் அதே அளவு வாக்கு வேண்டும். மாற்றிய 30 நாளுக்குள் வருமான வரித் துறைக்கும் விண்ணப்பம் போக வேண்டும். இதை மறந்தால் பதிவே ஆட்டம் காணும்.

தர்ப்பணும் சிஎஸ்ஆர்-1 படிவமும் (இரண்டுக்கும் 4)

தொண்டு அமைப்புகளைப் பட்டியலிட நிதி ஆயோக் நடத்தும் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பதிவு இலவசம். சங்கத்தின் பான் எண், நிர்வாகிகளின் அடையாள விவரங்கள், பதிவுச் சான்றிதழ் ஸ்கேன் ஆகியவை போதும். மாநிலம், ஆண்டு, எண் என்ற வடிவில் ஓர் அடையாள எண் கிடைக்கும். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி; அதைப் பெற விரும்பும் அமைப்புக்குக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 படிவம் 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சங்க நிர்வாகி ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்தும், தொழில் செய்யும் ஆடிட்டர் அல்லது கம்பெனி செக்ரட்டரி அல்லது காஸ்ட் அக்கவுண்டன்டின் டிஜிட்டல் சான்றும் வேண்டும். சமர்ப்பித்ததும் எண் தானாக உருவாகிவிடும். அரசு வேலையில் இவ்வளவு சுத்தமாக முடியும் காரியம் குறைவு.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், பெயர் பொருந்தாவிட்டால் எந்தத் தளமும் என்ன தவறு என்று தெளிவாகச் சொல்வதில்லை. 'சங்கம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதலாக, பான் கார்டில் அது இல்லாமல், வங்கியில் இன்னொரு மாதிரியாக இருக்கும். மும்பைத் தமிழ் அமைப்புகளில் பல இப்படித்தான். ஒர்லிச் சான்றிதழில் உள்ள எழுத்தை மூலமாக வைத்து, முதலில் பான், பிறகு வங்கி, அதன் பிறகே மற்றவை என்ற வரிசையில் திருத்துங்கள்.

கம்பெனிப் பணம்: இங்கேதான் விஷயம் இருக்கிறது

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். அந்தக் கம்பெனி முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட்டாக வேண்டும். எல்லோரும் போய்க் கதவைத் தட்டுவது நாரிமன் பாயின்ட், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் பெரிய பெயர்களை. சின்னச் சங்கத்துக்கு அது வீண் அலைச்சல். அவர்கள் தேடுவது கோடிக்கணக்கான திட்டம், பல மாவட்டம், தனி மதிப்பீட்டாளர்.

அந்தேரி, தானே, தலோஜா தொழிற்பேட்டைகளில் இருக்கும் நடுத்தரக் கம்பெனிகளைப் பிடியுங்கள். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் தனி சிஎஸ்ஆர் கமிட்டியே தேவையில்லை, இயக்குநர் குழு நேரடியாக முடிவெடுக்கும். அங்கே வழி காட்டுபவர் பெரும்பாலும் கம்பெனியின் ஆடிட்டர். அலுவலகம், ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்வதால், பக்கத்து வட்டாரச் சங்கம் என்பதே பாதி பரிந்துரை. திட்டத்தில் 'தமிழ்ப் பிள்ளைகள்' என்று எழுதுவதைவிட வார்டு, பள்ளி, வகுப்பு என்று எழுதினால் கேள்வி குறையும்.

கேட்கும் காரியம், அனுமதிக்கப்பட்ட பணிகளைப் பட்டியலிடும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைக்குள் வர வேண்டும். கபடிக் குழுக்கள் இதில் தவறாமல் கோட்டைவிடுகின்றன. அட்டவணையில் இருப்பது விளையாட்டுக்கான பயிற்சி. ஒருநாள் போட்டி, கோப்பை, பனியனில் கம்பெனிப் பெயர் ஆகியவை சேராது. மாரத்தான், விருது, விளம்பரம், நிகழ்ச்சி ஆதரவு போன்ற ஒருமுறைச் செலவுகள் கணக்கில் வராது என்று 2014 ஜூன் சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. ஆகவே பத்து மாதப் பயிற்சி, பயிற்சியாளர் சம்பளம், விரிப்பு, முதலுதவி என்று கேளுங்கள். பொங்கல் விழாவுக்குக் கிடைக்காது. வருடம் முழுக்கப் பறையோ சிலம்பமோ சொல்லிக்கொடுத்தால் வாய்ப்பு உண்டு.

வரவு செலவுத் திட்டம் ஒரு பக்கம் போதும். 60 பிள்ளைகளுக்கு டியூஷன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியர், மாதம் ₹12,000 வீதம் 10 மாதம்: ₹2,40,000. நோட்டுப் புத்தகம் தலைக்கு ₹600: ₹36,000. இட வாடகை மாதம் ₹8,000: ₹80,000. கணக்கு, தணிக்கை: ₹15,000. மொத்தம் ₹3,71,000. பிள்ளை ஒருவருக்குச் சுமார் ₹6,183. அவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். 'இதர செலவு' என்று ஒரு வரி போட்டால் மொத்தத் தாள்மீதும் சந்தேகம் விழும்.

தணிக்கைச் செலவைக் கேட்கத் தயங்க வேண்டாம். 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. திட்டத்தை நடத்தும் சங்கத்தின் செலவுக்கு அது பொருந்தாது என்று அமைச்சகம் 2021-இல் விளக்கியிருக்கிறது. அந்த வரம்பைக் காட்டி மறுக்கும் அதிகாரியிடம் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

நேரமும் முக்கியம். ஏப்ரல் முதல் ஜூன்வரை பட்ஜெட் முடிவாகும் காலம், அப்போது கையில் கோப்பு இருக்க வேண்டும். ஜனவரிக்குப் பிறகு செலவாகாத பணத்தைத் தள்ளிவிட அவசரப்படுவார்கள். தாள் தயாராக உள்ள சங்கத்துக்கு அதுவும் நல்ல காலமே. ஆனால் மார்ச் 25-இல் வந்த பணத்துக்கு மார்ச் 31-க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். செலவாகாததைச் செலவானதாக ஆடிட்டர் எழுதித் தர முடியாது.

நன்றிப் பலகையில் ஒரு சின்ன ஜிஎஸ்டி நுணுக்கம். விளம்பர நோக்கமில்லாமல் கொடையாளர் பெயரை மட்டும் போட்டால் வரி இல்லை என்று 2019 அக்டோபர் சுற்றறிக்கை தெளிவாக்கியது. பெயருக்குக் கீழே சரக்கின் படமும் வாசகமும் ஏறினால் கதை மாறும்.

மாநகராட்சிப் பள்ளிக்கு

பள்ளிக்குப் பணம் வாங்குவதைவிடப் பொருள் வாங்குவது எளிது. கல்வி அமைச்சகத்தின் வித்யாஞ்சலி தளத்தில் பள்ளி தன் 11 இலக்க யூடைஸ் எண்ணோடு (பள்ளிக்கு அரசு தரும் அடையாள எண்) சேர்ந்து, தேவையானதைப் பட்டியலிடலாம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டுக்கும் இடமுண்டு. தளம் சுமார்தான். தலைமை ஆசிரியர் உள்ளே போய்ப் பதியாவிட்டால் கொடையாளர் கண்ணுக்குப் பள்ளியே தெரியாது. 'கணினி வேண்டும்' என்று எழுதாமல் எத்தனை, எந்த அறையில், மின் இணைப்பு இருக்கிறதா என்று எழுதிய வேண்டுகோள்களே எடுபடும். கம்பெனி வாங்கித் தரும் புரொஜெக்டர் கம்பெனிச் சொத்தாக இருக்க முடியாது. பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பக்கத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

எம்பி நிதி, எம்எல்ஏ நிதி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அது சங்கத்தின் கணக்குக்கு வராது, அரசுத் துறை மூலம் நிரந்தரச் சொத்தாகத்தான் வரும்.

தனியார் கொடை, ஆன்லைன் வசூல் (2.5)

80ஜி காட்டிப் பணம் கேட்கும் காலம் பாதி முடிந்துவிட்டது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவு இல்லை, மாதச் சம்பளக்காரரில் பலர் அதற்குப் போய்விட்டார்கள். ரொக்கம் ₹2,000-க்கு மேல் போனால் பழைய முறையில் இருப்பவருக்கும் கழிவு இல்லை. 10பிடி என்று எல்லோரும் அறிந்த கொடையாளர் அறிக்கை மே 31-க்குள் போகாவிட்டால் நாளுக்கு ₹200 கட்டணம். கொடுத்தவரின் பான் எண்ணை ரசீது எழுதும்போதே வாங்காத பொருளாளர்தான் மே மாதத்தில் வீடு வீடாகப் போன் செய்துகொண்டிருப்பார்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் வேண்டும். துபாயில் வேலை செய்யும், இந்தியப் பாஸ்போர்ட் உள்ள மருமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய அண்ணன் அனுப்புவது ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் ஆகும். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பதிவுக்கு மூன்று வருட இயக்கமும், அந்தக் காலத்தில் 15 லட்சம் செலவும் வேண்டும். பணம் இறங்குவதும் டெல்லி சன்சத் மார்க் ஸ்டேட் வங்கிக் கிளையில் மட்டும்தான். துபாய்ப் பணத்துக்கு ரசீதோடு பாஸ்போர்ட் முதல் பக்க நகலையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.