16 ஸ்லைஸா, 128 ஸ்லைஸா? முதலில் டிடெக்டரைப் பாருங்கள்

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் சிடி டெக்னீஷியனாக இருக்கிறேன். பழைய 16 ஸ்லைஸ் இயந்திரத்தில் (ஒரு சுற்றில் 16 குறுக்குவெட்டுப் படம் எடுப்பது) பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது 128 ஸ்லைஸுக்கு மாறியிருக்கிறோம். புதிதாக சிடி வாங்க நினைப்பவர்கள் "எத்தனை ஸ்லைஸ்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஸ்லைஸ் கூடினால் வேகம் கூடும், மூச்சடக்க முடியாத வயசானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் படம் சுத்தமாக வருமா என்பது, உடம்பைத் தாண்டி வரும் எக்ஸ்ரேயை அளக்கும் டிடெக்டரின் கையில் இருக்கிறது.

படம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தெரிவதைத்தான் நாய்ஸ் என்கிறோம். அது இரண்டு வழியில் வரும். ஒன்று, எக்ஸ்ரே ஃபோட்டான்கள் (எக்ஸ்ரேயின் நுண் துகள்கள்) போதுமான அளவு வந்து சேராததால். இதில் கணக்கு கறாரானது: நாய்ஸ் பாதியாக வேண்டுமென்றால் டோஸ், அதாவது கதிர்வீச்சு அளவு, நான்கு மடங்காக வேண்டும். அதே டோஸில் 5 மி.மீ. தடிமனுள்ள படத்தை 1.25 மி.மீ. ஆக மெலிதாக்கினால் நாய்ஸ் இரட்டிப்பாகும். மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் வித்தியாசமே ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணில் (சிடி படத்தில் திசுவின் அடர்த்தியைக் காட்டும் அளவு) பத்து சுமாருக்குத்தான். அதை நாய்ஸ் மூடிவிட்டால், ஆரம்பக் கட்டப் பக்கவாதம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இன்னொன்று, இயந்திரத்தின் சர்க்யூட்டே உண்டாக்கும் நாய்ஸ். டிடெக்டரில் எக்ஸ்ரே முதலில் கடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு போன்ற செராமிக்கில் பட்டு ஒளியாகிறது. அடியில் உள்ள ஃபோட்டோடயோடு அந்த ஒளியை மின்சாரமாக்குகிறது. எங்கள் பழைய இயந்திரத்தில் அந்தத் துளி மின்சாரம் கேபிள் வழியாகத் தனி போர்டுக்குப் போய்த்தான் எண்ணாக மாறும், போகிற வழியிலேயே நாய்ஸ் ஏறிவிடும். புதியதில் மின்சாரமாக்குவது, எண்ணாக்குவது இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடிகிறது.

சாதாரண உடம்பில், வழக்கமான டோஸில் இந்த வித்தியாசம் தெரியாது. தோள்பட்டையில்தான் தெரியும். இரண்டு பக்க எலும்பையும் தாண்டி வரும் ஃபோட்டான்கள் சொற்பம், அந்தச் சிக்னல் சர்க்யூட் நாய்ஸிலேயே மூழ்கிவிடும். பழையதில் கழுத்து ஸ்கேன் எடுத்தால் கடைசி முள்ளெலும்புப் பக்கம் குறுக்கே கோடு கோடாக இருக்கும். இப்போது அங்கேயும் எலும்பின் ஓரம் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு அதைவிடச் சந்தோஷம் சிறுநீரகக் கல் ஸ்கேனில். கல் உள்ளவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், பாதிப் பேர் இளவயசுக்காரர்கள். சர்க்யூட் நாய்ஸ் குறைவு என்பதால் அவர்களுக்கு டோஸைத் தைரியமாகக் குறைக்க முடிகிறது.

எங்கள் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். டிடெக்டருக்கு வெப்பநிலை மாறுவதே ஆகாது. அக்னி நட்சத்திர சமயத்தில் ஒருநாள் ஏசி நின்று, தலை ஸ்கேனில் வட்ட வட்டமாக வளையம் விழுந்தது. எக்ஸ்ரே டியூபும் டிடெக்டரும் சேர்ந்தே சுற்றுவதால், டிடெக்டரின் ஒரு சேனல் (ஒரு சிறு துண்டு) தப்பாக அளந்தாலும் அந்தப் பிழை முழு வட்டமாகத்தான் படத்தில் வரும். அறை குளிர்ந்த பிறகு ஏர் கேலிப்ரேஷன் (ஆள் இல்லாமல் வெறும் காற்றில் அளந்து டிடெக்டரைச் சரிசெய்வது) செய்ததும் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் ஸ்கேன் அறைக்கு இரண்டு ஏசி வைத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். காலையில் கேலிப்ரேஷனும் வாட்டர் ஃபாண்டமும் (தண்ணீர் நிரப்பிய சோதனை உருளை) பார்க்காமல் முதல் பேஷன்டை ஏற்றுவதில்லை.

நாய்ஸைக் குறைக்கும் சாஃப்ட்வேர் நல்லதுதான், அளவோடு வைத்தால். கூட்டிவிட்டால் கல்லீரல் மெழுகு பூசினாற்போல வழவழப்பாகி, சின்னக் கட்டி அதில் கரைந்துவிடும். எங்கள் ரேடியாலஜிஸ்ட் நடு அளவுக்கு மேல் விடமாட்டார், அதுதான் சரி.

காட்மியம் டெல்லூரைடு வைத்து ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் டிடெக்டருக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழே உள்ள எதையும் அது எண்ணாது, அதனால் சர்க்யூட் நாய்ஸ் கணக்கிலேயே வராது. எங்களைப் போன்ற சென்டருக்கு இப்போதைக்கு எட்டாத விலை.

டெமோவுக்குப் போனால், அவர்களாக எடுத்துக் காட்டும் இதயப் படத்தோடு திரும்பிவிடாதீர்கள். பருமனான ஒருவரின் தோள்பட்டையை 1 மி.மீ. அளவில், சாஃப்ட்வேரை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.